பொறியாசானிடம் வினவுதற்குரியன

"நேரம் போதவில்லை" என்னுஞ் சொல் நம் விடுதிகளில் நாடோறும் கேட்கப்படுவதொன்று. நூல்நிலையஞ் செல்ல நேரமில்லை. உரை நூல்களை ஊன்றிப் படிக்க நேரமில்லை. வீட்டாரோடு நாலு வார்த்தை பேசவும் நேரமில்லை. ஆயினும் ஒரு நாளைக்கு அறுபது நாழிகை என்னுங் கணக்கு நம் பாட்டனார்க்கும் நமக்கும் ஒன்றே. அவர்க்குப் போதிய காலம் நமக்குப் போதாதாயின், குறை காலத்தின்பால் உளதோ, அதனை ஆளும் நம்பால் உளதோ என ஆராய்தல் முறையன்றோ?

முன்னாளில் இக்குறையுடையார் மூத்தோரை நாடினர். இற்றை நாளில் மாணவர் பலர் தம் கைபேசியிலுள்ள செயற்கை நுண்ணறிவுப் பொறியை நாடுகின்றனர். "இன்று எதனை முதலிற் படிப்பேன்? சோம்பலை எங்ஙனம் வெல்வேன்?" என வினவி, அது தரும் விடையின்படி ஒழுக முயல்கின்றனர். இங்ஙனம் உரையாடி நெறிகாட்டும் பொறியை ஈண்டுப் 'பொறியாசான்' என வழங்குவாம். அதனிடத்து வினவத்தகுவன யாவை, தகாதன யாவை, வினவும் முறைதான் யாது என்பன இக்கட்டுரையின் பொருளாம்.

பொறியின் இயல்பு

ஒருவரை அறிவுரை கேட்குமுன் அவர்தம் இயல்பறிதல் இன்றியமையாதது. மாந்தரோடு உரையாடும் கணிப்பொறி நேற்றுத் தோன்றியதன்று. 1966-ஆம் ஆண்டில், அமெரிக்க நாட்டு மாஸச்சூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சார்ந்த ஜோசப் வைசன்பாம் என்னும் அறிஞர், தாம் இயற்றிய 'எலிஸா' என்னும் நிரலைக் குறித்து எழுதி வெளியிட்டார். மனநல மருத்துவர் ஒருவர் பேசுமாறு போலப் பேசிய அந்நிரல், தன்னிடம் சொல்லப்பட்ட சொற்களையே மாற்றி வினாவாக்கித் திருப்பித் தருவதன்றி வேறறியாது. அஃதங்ஙனமாகவும், அது உருவாகியதைப் பன்மாதங் கண்ணுற்றிருந்த அவர்தம் செயலரே, அதனோடு சிறிது நேரம் உரையாடியவுடன், தம்மைத் தனித்திருக்க விட்டு அறையினின்று வெளியேறுமாறு அவரை வேண்டினராம். தம் உள்ளத்தை எதிரொலிப்பதொன்றைத் தம்மை உணர்ந்ததாகவே கருதிவிடுவர் மாந்தர் என்று கண்டு வைசன்பாம் திடுக்குற்றார். 1976-இல் அவர் வெளியிட்ட நூலில் இச்செய்தி கூறப்பட்டுளது.

2022-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் வெளிவந்த சாட்ஜிபிடியும், அதன் பின்னர்ப் பெருகிய பிறவும் எலிஸாவினும் பன்மடங்கு ஆற்றலுடையன. அளவிறந்த எழுத்துக்களின்மேற் பயிற்றப்பட்டு, ஒரு சொல்லின்பின் எச்சொல் வரத்தகும் எனக் கணித்துக் கணித்து விடையைத் தொடுப்பன அவை. ஆகலின் படிப்பைப் பற்றியும் பழக்கத்தைப் பற்றியும் உலகோர் எழுதிவைத்தவற்றின் பொதுச் சாரம் அவற்றின்பால் உண்டு. ஆனால், நம்மைப் பற்றி நாம் கூறியதும் நாம் காட்டியதுமன்றிப் பிறிதொன்றும் அவை அறியா. நம் மேசையில் அடுக்கியிருக்கும் நூல்களையும், நேற்றிரவு நாம் உறங்கிய நேரத்தையும், நம் முகவாட்டத்தையும் அவை தாமே காண்பதில்லை. பின்னர்க் கூறப்படுவன அனைத்திற்கும் வேர் இவ்வுண்மையே என்க.

தொடக்கத்தில் நேரும் பிழை

மாணவர் பலரும் முதற்கண் கேட்பது, "எனக்கொரு கால அட்டவணை அமைத்துத் தருக" என்பதே. யானும் சென்ற கல்வியாண்டின் தொடக்கத்தில் அங்ஙனமே கேட்டேன். கண்ணிமைக்கும் பொழுதில் கட்டமிட்ட அழகிய அட்டவணை யொன்று வந்தது. காலை நாலரைக்கு எழுதல். ஐந்து முதல் ஏழு வரை இலக்கணம். பத்து நிமிடத்தில் நீராடல். எங்கள் மாடியில் குளியலறை வாயிலில் வரிசையில் நிற்றற்கே அரைமணி செல்லும் என்பதைப் பொறி எங்ஙனம் அறியும்? மூன்று நாள் அதனைப் பின்பற்றினேன். நான்காம் நாள் தவறினேன். ஐந்தாம் நாள் புதியதோர் அட்டவணை கேட்டேன். திங்கள் முடிவில் என்னிடம் ஏழு அட்டவணைகள் இருந்தன. சேனாவரையத்திலோ ஓரியலேனும் முடிந்தபாடில்லை. அட்டவணை இயற்றுதல் படிப்பதைப் போன்றதோர் இன்பத்தை நல்குகின்றது. அவ்வின்பத்தில் மயங்கிப் படிப்பை மறந்தேன்.

பிழை பொறியின்பால் இல்லை. என்னைப் பற்றி ஒன்றுங் கூறாது என் வாழ்வை ஒழுங்குசெய்யுமாறு கேட்டது என் பிழை. பின்னர் ஒருநாள் திருக்குறட் பொருட்பாலைப் படிக்குங்கால் அதிகார முறைவைப்பொன்று என் கருத்தை ஈர்த்தது. 47-ஆம் அதிகாரம் தெரிந்து செயல்வகை. அடுத்தன முறையே வலியறிதல், காலமறிதல், இடனறிதல். அவற்றின் பின்னர் 51-ஆவது தெரிந்து தெளிதல், 52-ஆவது தெரிந்து வினையாடல். அரசர்க்கென வகுக்கப்பட்ட இவ்வைப்பில் காலம் மூன்றாவதாகவே நிற்கின்றது. யானோ அதனை முதலிற் கேட்டேன். இவ்வரிசையே நம் வினாக்களுக்கும் ஏற்ற வரிசையென இப்பொழுது தெளிந்துளேன். அதனையே பின்பற்றி விளக்குவல்.

1. செயலைப் பற்றிய வினா

செய்யவேண்டியது யாதெனத் தெளியாதவர்க்குக் காலம் வகுத்துப் பயனில்லை. "தொல்காப்பியம் படிக்கவேண்டும்" என்பது ஒரு விருப்பமேயன்றிச் செயலாகாது. எவ்வதிகாரம், எவ்வியல், யாருரை, எத்துணை நூற்பா, படித்தமைக்கு அடையாளம் யாது என்பன தெளிந்தவழியே அது செயலாகும். "சொல்லதிகாரக் கிளவியாக்கத்தில் முதற் பத்து நூற்பாக்களைச் சேனாவரையர் உரையோடு படித்து, நூலை மூடிவைத்து, ஒவ்வொன்றன் கருத்தையும் இரண்டு வரியில் எழுதுதல்" எனின் அதனை இன்றே தொடங்கலாம். முடிந்ததா இல்லையா என்பதையும் ஐயமின்றி அறியலாம்.

ஆகவே பொறியாசானிடம் முதலில் விடை கேளாது வினாவைக் கேட்டல் வேண்டும். அஃது இவ்வாறாகலாம்: "யான் இப்பருவத்தில் முடிக்கவேண்டியவை இவை. எனக்கு அறிவுரை கூறுமுன், என் நிலையை அறிதற்கு வேண்டிய வினாக்களை ஒவ்வொன்றாகக் கேட்க. யான் விடையிறுத்த பின்னரே கருத்துரைக்க." இங்ஙனம் கேட்பின், எது என்று முடியவேண்டும், எதனை விட்டாற் கேடில்லை, முடிந்ததென்பதை எதனால் அறிவீர் என அது வினவும். அவ்வினாக்கட்கு விடை எழுதுங்காலே பாதிக் குழப்பம் நீங்கும். இறுதியில், "இவற்றுள் இவ்வாரம் யான் செய்யாது விடத்தக்கது எது?" என்றும் கேட்க. செய்யவேண்டியவற்றைப் பெருக்குதல் எளிது; குறைத்தற்கே துணை வேண்டும்.

2. வலியைப் பற்றிய வினா

வலியறிதலாவது ஈண்டு நம்மால் இயல்வது இவ்வளவென அறிதல். இதற்கு ஒரு வாரக் குறிப்பு வேண்டும். ஏழு நாளும், எந்நேரத்தில் யாது செய்தோம் என்பதை உள்ளவாறே ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதிவருக. கைபேசியிற் கழிந்த நேரத்தை மறைத்தல் கூடாது. அதனைக் காட்டும் கணக்கு அக்கைபேசியிலேயே உளது. பின்னர் அக்குறிப்பைப் பொறியாசானிடம் ஈந்து, "கடினமான படிப்பு எவ்வேளைகளில் எனக்குக் கைகூடியுளது? யான் எண்ணியதற்கும் நிகழ்ந்ததற்கும் எங்கெங்கு வேற்றுமை உளது?" என வினவுக. நம் எழுத்தினின்று நம் பழக்கத்தைத் தொகுத்துக் காட்டுதல் அதற்கு எளிதாய பணி.

எம் வகுப்பு நண்பர் ஒருவர் மாலை ஆறு முதல் பத்து வரை ஒரு கடையிற் பணியாற்றிப் பயில்பவர். பொறியாசான் அவர்க்கு முதலில் வகுத்த திட்டம், மாலை ஏழு முதல் ஒன்பது வரை படிக்க என்பது! தம் வேலையையும் வழிச்செலவையும் உறக்கத்தையும் அவர் உள்ளவாறு கூறிய பின்னரே, காலைப் பேருந்திற் செல்லும் நாற்பது நிமிடத்தை மனப்பாடத்திற்கும், பிற்பகலில் வகுப்பில்லாத ஒரு மணியைக் கடினமான படிப்பிற்கும் ஒதுக்கும் திட்டம் பிறந்தது. ஓய்வு மிக்கார்க்கெனப் பொதுவாக எழுதப்பட்ட அறிவுரைகளே உலகில் மிகுதி. தம் நிலையைக் கூறாதார்க்குப் பொறியும் அவற்றையே எடுத்து நீட்டும்.

இன்னுமொன்று. பொறிகட்கு நம்மோடு இசைந்து பேசும் இயல்பு மிகுதி. 2025-ஆம் ஆண்டு ஏப்ரலில் சாட்ஜிபிடியின் புதுவடிவம் ஒன்று வரம்பிகந்து பயனரைப் புகழ்ந்து உடன்பட்டமையால், அதனை வெளியிட்ட ஓப்பன்ஏஐ நிறுவனமே சின்னாளில் அதனைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆகலின் "என் திட்டம் நன்றா?" என வினவற்க, நன்றென்றே விடை வரும். "இத்திட்டம் இரண்டு வாரத்திற் குலைந்துவிட்டதெனக் கொள்வோம். குலைந்ததற்குரிய காரணங்கள் எவையாயிருக்கும்?" என வினவுக. அரசனை இடித்துரைக்கும் அமைச்சனைப் போல அதனைப் பேசச்செய்தல் நம் கையிலேயே உளது.

3. காலத்தைப் பற்றிய வினா

இவ்விரண்டன் பின்னரே காலம். ஈண்டு மாந்தர் அனைவர்க்கும் பொதுவாயதோர் மயக்கம் உண்டு. ஒரு பணிக்கு வேண்டுங் காலத்தை நாம் பெரும்பாலும் குறைத்தே மதிக்கின்றோம். டேனியல் கானெமன், ஏமஸ் ட்வெர்ஸ்கி என்னும் உளநூலறிஞர் இதனைத் 'திட்டமிடற் பிழை' எனப் பொருள்படும் பெயரால் 1979-இல் குறித்தனர். 1994-ஆம் ஆண்டில் ப்யூலர், கிரிஃபின், ராஸ் என்னும் மூவர் வெளியிட்ட ஆராய்ச்சி நம்மனோர்க்கு மிகவும் அணிமையது, என்னை? அவர் ஆராய்ந்தது கனடா நாட்டில் ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த ஆனர்ஸ் வகுப்பு மாணவரை. அம்மாணவர் தம் ஆய்வேடு முடிதற்குச் சராசரி 33.9 நாள் ஆகுமென்றனர். எல்லாம் மிகத் தீதாக நிகழினும் 48.6 நாளில் முடியுமென்றனர். உண்மையிற் சென்றதோ 55.5 நாள். தாம் குறித்த நாளில் முடித்தவர் மூன்றில் ஒரு பங்கினும் குறைவு.

இதற்கு மருந்தும் அவ்வாராய்ச்சியிலேயே உளது. முன்னர்ச் செய்த ஒத்த பணிகளை நினைந்து, அவற்றோடு இப்பணியைப் பொருத்திக் கணித்தவர் இங்ஙனம் பெரிதும் பிழைத்திலர். நம் நினைவு தானாக அவ்வழிச் செல்வதில்லை, செலுத்துவோர் வேண்டும். ஆகவே பொறியாசானிடம், "இப்பணிக்கு யான் ஐந்து மணி குறித்துளேன். இதனை ஏற்குமுன், இதுபோன்று யான் முன் செய்த மூன்று பணிகளுக்கு எத்துணை நேரஞ் சென்றதென என்னை வினவுக, அவ்விடைகளைக் கொண்டு என் கணக்கைத் திருத்துக" என்று கேட்டல் நலம். கிளவியாக்கத்தின் பத்து நூற்பாவிற்கு இரண்டு மணி என யான் எண்ணியிருந்தேன். முன் நிகழ்ந்தவற்றை எண்ணிப் பார்த்துழி நாலரை மணி எனத் தெரிந்தது. கணக்கு மனத்திற்கு இனிதாயில்லை. ஆயினும் அவ்வாரந்தான் முதன்முறையாகக் குறித்த பகுதியைக் குறித்த நாளில் முடித்தேன்.

4. இடத்தைப் பற்றிய வினா

எப்பொழுது என்பதோடு எங்கு என்பதும் உறுதியாதல் வேண்டும். 1997-இல் கோல்விட்ஸர், பிராண்ட்ஸ்டேட்டர் என்னும் அறிஞர் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். கிறிஸ்துமஸ் முந்திய நாளை எங்ஙனம் கழித்தோம் என்பதை அடுத்த இரண்டு நாட்களுக்குள் எழுதி அனுப்புமாறு மாணவரை வேண்டினர். அவருட் பாதிப்பேரை, எவ்விடத்தில் எந்நேரத்தில் எழுதுவீர் என்பதையும் முன்கூட்டியே குறிக்கச் செய்தனர். அங்ஙனங் குறித்தவருள் ஏறக்குறைய முக்காற் பங்கினர் எழுதி முடித்தனர். குறியாதாருள் முடித்தவர் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கினரே. விழாக்காலத்தின் ஆரவாரத்திடையே இவ்வேறுபாட்டை விளைத்தது ஒரு சிறு வாக்கியம்!

ஆதலின், "என் திட்டத்திலுள்ள ஒவ்வொன்றையும், 'இன்ன வேளை வந்தவுடன், இன்ன இடத்தில், இதனைச் செய்வேன்' என்னும் வாக்கியமாக மாற்றுதற்கு உதவுக, தடை நேரின் யாது செய்வேன் என்பதையும் என்னிடங் கேட்டுச் சேர்க்க" என வினவுக. "மாலையிற் படிப்பேன்" என்பது, "நாலு மணி வகுப்பு முடிந்தவுடன் நூல்நிலையத்தின் மேல்மாடி மேசையில் அமர்வேன், நண்பர் தேநீர்க்கு அழைப்பின் ஐந்தரைக்கு வருவேன் என்பேன்" என மாறும். இவ்வாக்கியங்களைத் தாளில் எழுதிக்கொண்டு கைபேசியைப் பைக்குள் வைத்துவிடுக. அறிவுரை கூறும் பொறியும் நேரத்தை விழுங்கும் விளையாட்டும் ஒரே கருவிக்குள் உறைகின்றன என்பதை மறத்தல் கூடாது.

5. தெளிதலும் வினையாடலும்

இனி, எதனை நம்பி எதனை ஒப்படைக்கலாம் என்பது. பொறியாசான் அறியாததையும் அறிந்ததுபோற் கூறும். 2023-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் நியூயார்க் நகரக் கூட்டாட்சி நீதிமன்றமொன்று, பொறி புனைந்துரைத்த, என்றும் நிகழாத வழக்குகளை முற்றீர்ப்புக்களாக எடுத்துக்காட்டியதற்காக, வழக்கறிஞர் இருவர்க்கும் அவர்தம் நிறுவனத்திற்குமாக 5,000 டாலர் தண்டம் விதித்தது. தமிழ் பயில்வார்க்கு இவ்விடர் இன்னும் மிகுதி. சங்கச் செய்யுள் ஒன்றைக் கேட்டபொழுது, எந்நூலிலும் இல்லாத அடிகளைப் பாவலர் பெயரோடு தந்த பொறியை யானே கண்டுளேன். ஆகவே செய்யுளையும் உரையையும் ஆண்டினையும் நூலிற் காண்க. தேர்வு நாளைத் துறை அறிவிப்பிற் காண்க. படித்ததைச் சோதித்தற்கு, "யான் எழுதிய இக்குறிப்பினின்று என்னைப் பத்து வினாக் கேட்க" எனலாம். "எனக்காகக் கட்டுரை எழுதுக" எனின், அன்று மிச்சமாகும் நேரம் பின்னர்த் தேர்வுக்கூடத்தில் வட்டியோடு கழியும். பிறர் கூறிய மறைச் செய்திகளையும் அதனிடம் இடுதல் தகாது. அங்கிடப்படுவன பிறரது கணிப்பொறிகளிற் சென்று தங்குவனவாம்.

இவற்றினும் பெரிதாயதொன்றை என் அனுபவத்தால் அறிந்தேன். இவ்வாண்டின் இரண்டாம் பருவத்தில் என் தந்தையார் நோயுற்று மருத்துவமனையிற் கிடந்தார். விடுதியில் ஒருவர்க்கும் யான் அதனைக் கூறவில்லை. நூலை விரித்தால் எழுத்து நிற்பதில்லை. "மனம் ஒருமைப்படவில்லை, வழி கூறுக" எனப் பொறியாசானை இரவுதோறும் கேட்டேன். இருபத்தைந்து நிமிடம் படித்து ஐந்து நிமிடம் ஓய்க, கைபேசியை அகற்றுக, மூச்சைச் சீர்செய்க எனப் பல வழிகளைக் கூறிற்று. அவற்றுள் ஒன்றும் தவறன்று, ஒன்றும் பயன்படவுமில்லை. ஒருநாள் வகுப்பு முடிந்து செல்லுங்கால் எம் ஆசிரியர் என்னை நிறுத்தி, "ஏன் தம்பி, வீட்டில் எல்லாரும் நலந்தானே?" என்றார். "இல்லை ஐயா" என்றேன்; மேலே பேச இயலவில்லை. அவர் என்னை அமரச்செய்து முழுவதுங் கேட்டார். ஒப்படைப்பிற்கு இரண்டு வாரத் தவணை ஈந்தார். அன்று மாலை வண்டியிலேயே ஊர்க்குச் செல்லுமாறு பணித்தார்.

தந்தையார் நலமுற்று வீடு திரும்பிய பின்னர், அன்று மறைத்ததைப் பொறியாசானிடம் மறையாது கூறி அவ்வினாவையே மீண்டுங் கேட்டுப் பார்த்தேன். அட்டவணையை விடுக, ஆசிரியர்க்கு அறிவிக்க, வீட்டாரோடு இருக்க என்றே அதுவும் கூறிற்று. ஆகவே அன்று அது பிழைத்ததென்பதற்கில்லை. யான் கூறாததை அஃது அறிந்திலது. ஆசிரியரோ, யான் கூறாதிருக்கவும் அறிந்தார். பொறிக்கும் மாந்தர்க்கும் இடையே உள்ள எல்லை இதுவெனக் கொண்டேன்.

முடிவுரை

மேற்கூறியவற்றைச் சுருக்கிக் கூறின்: முதலிற் செயலைத் தெளிவிக்கும் வினா, பின்னர் நம் வலியை உள்ளவாறு காட்டும் வினா, பின்னர் முன்னிகழ்ச்சி கொண்டு காலத்தைக் கணிக்கும் வினா, பின்னர் இடமும் வேளையும் உறுதிசெய்யும் வினா. இந்நான்கையும் வாரத்திற்கொருமுறை, ஞாயிறு மாலை அரைமணி வினவினாற் போதும். நாடோறும் வினவின் அதுவே ஒரு புதிய சோம்பலாகும். ஒவ்வொரு வினாவும் நம்மைப் பற்றிய உண்மையை முன்னே வைத்துக் கேட்கப்படுதல் வேண்டும். அவ்வுண்மையை எழுத மனம் கூசுமாயின், சிக்கல் கால அட்டவணையில் இல்லை என்பதற்கு அதுவே அடையாளம். அப்பொழுது கைபேசியை மூடிவிட்டு, அடுத்த அறைக் கதவைத் தட்டுக. அல்லது ஆசிரியர் அறைக்குச் செல்க.

மாணவ நண்பர்களே! அடுத்த அறையில் விளக்கெரிய விழித்திருப்பவர் தம் பொறியிடம் யாது வினவிக்கொண்டிருக்கின்றார் என்பதை நாம் அறியோம். "வீட்டில் எல்லாரும் நலந்தானே?" என்று அவரைக் கேட்டற்கு நமக்கு ஒரு நிமிடம் போதும். அதற்கேனும் நேரமில்லை என்னாதிருப்போமாக.